வாக்குக் கேட்டு வரும் நீதிபதி

பழவேற்காட்டு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை. கடலும் ஏரியும் கலக்கின்ற முகத்துவாரத்தை அடுத்து, ஓதம் ஏறி இறங்கும் ஓட்டத்தில், சில குறிப்பிட்ட இடங்களில்தான் கழி நட்டுக் கட்டும் சுத்துவலைக்கு அது வந்து சேரும். இடமோ கொஞ்சம், வலை விரிக்க வருவோரோ பலர். இந்நிலையில் வலுத்தவன் கையே ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஏரியோர மக்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், பெயரிலேயே அன்னையைத் தாங்கி நிற்கும் நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், எந்த ஊருக்கு எந்த நாள், எந்த வலைக்கு எந்த இடம் என்பதை முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் தீர்மானித்து வந்துள்ளனர். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை அதை அடுத்தவனுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். மொழி பெயர்த்துச் சொல்லத் தேவையில்லாத பொருளாதாரம் இது.

இதே வழக்கம் கடல் கடந்தும் உண்டு என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் உரிமை, கத்தோலிக்க மீனவ ஊர்களின் ஆலயங்களைச் சுற்றி அமைந்த நான்கு சங்கங்களுக்கு உரியது. அங்கும் சீட்டுத்தான் இடத்தைப் பங்கிடுகிறது. 1958-இல் இலங்கை அரசு இந்த மரபை விதிகளாகவே எழுதி ஏற்றுக்கொண்டது. யோசுவா சீலோவில் ஆண்டவர் திருமுன் சீட்டுப் போட்டுக் குலங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்ததை விவிலியத்தில் வாசிக்கும்போது, ஏரியோரத்து மீனவர் அதை ஒரு பழங்கதையாகக் கேட்கமாட்டார்.

சீட்டு இடத்தைப் பிரிக்கும்; சண்டையைத் தீர்க்காது. ஒருவன் மற்றவனின் முறை நாளில் வலையை இறக்கிவிட்டால்? தந்தை இறந்தபின் தலைக்கட்டு உரிமை மூத்தவனுக்கா, இளையவனுக்கா என்ற வழக்கு எழுந்தால்? வலை அறுபட்டதற்கு ஈடு யார் தருவது? இதற்கெல்லாம் பொன்னேரி நீதிமன்றத்தின் படியேறிக் காத்திருந்தால் அந்த ஆண்டின் இறால் பருவமே கடந்துவிடும். ஆகவே ஊர்ப் பஞ்சாயத்து உட்காருகிறது, கேட்கிறது, தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்புச் சொல்வோர் முன்பு பரம்பரையாக வந்தனர். பிறகு பல கரையூர்களில் ஊர் கூடித் தேர்ந்துகொள்ளும் பழக்கம் தலையெடுத்தது. தேர்வு என்று வந்துவிட்டால் அதன் பின்னாலேயே கொடிக்கம்பங்களும் வந்துவிடுகின்றன. ஊர்க் கூட்டத்தில் நடுவராக அமர வேண்டியவர் எந்தக் கட்சிக்காரர் என்ற பேச்சு, தெருமுனையில் தொடங்கித் தோணித்துறை வரை செல்கிறது.

நீதி சொல்பவரை வாக்களித்துத் தேர்வது நல்லதுதானா? அதிலும், கட்சி அடையாளத்துடன் அவர் நம் வாசலுக்கு வந்து கைகூப்பி வாக்குக் கேட்பது தகுமா? இது வெறும் கற்பனைக் கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். உலகில் ஒரு பெரிய நாடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்பது நமக்குப் பயன் தரும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பை 1787-இல் வகுத்தவர்கள், நடுவண் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கலாகாது என்றே முடிவு செய்தனர். குடியரசுத் தலைவர் நியமிப்பார். மேலவை இசைவு தரும். நன்னடத்தை உள்ளவரை பதவி நிலைக்கும். மாநிலங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுப்பர் என்று விதித்தது. எல்லா நீதிபதிகளையும் வாக்குப்பெட்டிக்கு அனுப்பிய முதல் மாநிலம் அதுவே. 1846-இல் நியூயார்க் அதைப் பின்பற்றியது. பின்னர் மாநிலத்துக்கு மாநிலம் அலை பரவிற்று.

இதைச் செய்தவர்கள் நீதியைக் கெடுக்க நினைத்தவர்கள் அல்லர். இதை நாம் மறக்கலாகாது. அக்காலத்தில் ஆளுநர்களும் சட்டமன்றத்தாரும் தங்கள் ஆட்களுக்கும் உறவினர்க்கும் நீதிபதிப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுத்தனர். அந்தப் பிடியிலிருந்து நீதிபதியை விடுவிக்க வேண்டும். ஆட்சியாளருக்கு அஞ்சாமல் தீர்ப்புக் கூறும் துணிவை மக்களின் வாக்கு அவருக்குத் தரும். சீர்திருத்தக்காரர் எண்ணியது இதுதான். ஒரு எசமானனிடமிருந்து விடுவிக்கப்பட்டவர் இன்னொரு எசமானனிடம் போய்ச் சேர்ந்தார் என்பது பின்கதை. வேட்பாளரை நிறுத்துவது கட்சி. அவருக்காகக் கூட்டம் நடத்துவது கட்சி. கட்சியைப் பிடித்து வைத்திருந்தவர்களோ நகரத்து முதலாளிகளும் தரகர்களும். 1906-இல் ராஸ்கோ பவுண்டு என்ற சட்ட அறிஞர் நாட்டின் வழக்கறிஞர் மாநாட்டில் பேசுகையில், நீதிமன்றங்களை அரசியலுக்குள் இழுத்து நீதிபதிகளை அரசியல்வாதிகளாக மாற்றியதால் பல மாநிலங்களில் நீதிபீடத்தின் மீதிருந்த மதிப்பே ஏறக்குறைய அழிந்துவிட்டது என்று குறைபட்டார்.

மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் நகரில் டாம் பெண்டர்காஸ்ட் என்பவர் கட்சியைத் தம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஹாரி ட்ரூமன், அவருடைய ஆதரவோடுதான் 1922-இல் ‘கௌண்டி நீதிபதி’ ஆனார். பெயர்தான் நீதிபதி, அது சாலை போடுவது, கட்டடம் எழுப்புவது போன்ற நிருவாகப் பதவி. ட்ரூமன் கை சுத்தமானவர் என்றே வரலாறு சொல்கிறது. ஆயினும் அம்மாநில மக்கள் பெண்டர்காஸ்டின் ஆட்டத்தைக் கண்டு சலித்துப்போய், 1940-இல் வேறொரு முறையை வாக்களித்துக் கொண்டுவந்தனர். ஒரு குழு தகுதியுள்ள சிலரைப் பரிந்துரைக்கும். அவர்களுள் ஒருவரை ஆளுநர் நியமிப்பார். சில காலம் கழித்து, அவர் தொடரலாமா வேண்டாமா என்று மட்டும் மக்கள் வாக்களிப்பர். இதைப் பல மாநிலங்கள் பின்பற்றின. டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களில் கட்சித் தேர்தல் தொடர்ந்து நீடிக்கிறது.

டெக்சாசில் ஒரு சிற்றூர் வழக்குமன்றத்தின் சமாதான நீதிபதியும் கட்சி வேட்பாளராக நின்றே வெல்ல வேண்டும். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதலில் தம் கட்சிக்குள் நடக்கும் முன்தேர்தலில் வெல்ல வேண்டும். பிறகு எதிர்க்கட்சிக்காரரை வெல்ல வேண்டும். வாக்குச் சீட்டில் ஆளுநர் முதல் அடிமட்டப் பதவி வரை நீண்ட வரிசை. முன்பு ஒரே குறியிட்டால் ஒரு கட்சியின் வேட்பாளர் எல்லாருக்கும் வாக்கு விழுந்துவிடும் வசதியும் அங்கு இருந்தது. ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கௌண்டியில் 2018-இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நீதிபதிகள் ஒருவர் விடாமல் தோற்றார்கள். போட்டி நடந்த 59 நீதிபதி இடங்களையும் சனநாயகக் கட்சி கைப்பற்றியது. அவர்களுள் நல்லவர் எத்தனை பேர், சோம்பேறி எத்தனை பேர் என்று வாக்காளர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அந்த ஒற்றைக் குறி முறை 2020 முதல் நீக்கப்பட்டது.

மேற்கு வர்ஜினியாவில் நடந்தது இதைவிட நேரடியானது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் ஹியூ கேப்பர்ட்டன் என்பவருக்கும் மேஸி என்ற பெரிய நிறுவனத்துக்கும் வழக்கு. 2002-இல் நடுவர் குழு, மேஸி நிறுவனம் 5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டுக்கு முன் 2004-இல் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தல் வந்தது. நிறுவனத்தின் தலைவர் டான் பிளாங்கென்ஷிப், பிரென்ட் பெஞ்சமின் என்ற வேட்பாளருக்குத் துணையாக ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் வென்றார். வழக்கு அவர் முன் வந்தபோது விலகிக்கொள்ள மறுத்தார். 3-க்கு 2 என்ற கணக்கில் இழப்பீடு தள்ளுபடியாயிற்று. அந்த மூவரில் அவரும் ஒருவர். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவும் 5-க்கு 4 என்ற மயிரிழையில். நீதிபதி இலஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருடைய தயவில் பதவி ஏறியவர் அவர் வழக்கையே விசாரிப்பதில் இருக்கும் ஆபத்தை மட்டும் அது சுட்டியது. இத்திரோ தம் மருமகன் மோசேக்குச் சொன்ன அறிவுரையில், நீதி வழங்க நியமிக்கப்படுவோர் கையூட்டை வெறுப்பவராக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. தேர்தல் நன்கொடையைக் கையூட்டு என்பதா, கூடாதா என்ற ஐயம் மோசேக்கு எழ வாய்ப்பில்லாமற் போயிற்று.

பணத்தைவிட நுட்பமான ஒரு நெருக்கடி உண்டு. நம் நோக்கில் அதுவே பெரிது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹூபர், கார்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான தண்டனைகளை எடுத்து ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். மறுதேர்வு நெருங்க நெருங்க நீதிபதிகள் விதிக்கும் சிறைத் தண்டனை கூடிக்கொண்டே போனது என்று கண்டனர். குற்றம் அதே குற்றம். குற்றவாளியின் வறுமையும் அதே வறுமை. நாள்காட்டி மட்டும் மாறுகிறது! பெரிய வெள்ளியன்று நாம் வாசிக்கும் பாடுகளின் வரலாற்றில் ஒரு நீதிபதி வருகிறார். எதிரே நிற்பவரிடம் குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியும், வாய்விட்டும் சொல்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பிலாத்து வாக்கெடுப்பில் வந்தவர் அல்லர். உரோமைப் பேரரசனால் நியமிக்கப்பட்டவர். நியமனம் மட்டுமே நீதிபதிக்கு முதுகெலும்பைத் தந்துவிடாது என்பதற்கும் அவரே சான்று. பேரரசனுக்கு நீர் நண்பர் அல்லர் என்ற ஒரே கூச்சலில் அவர் அசைந்து போனார்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் காசர்கோட்டில் பிறந்து, சிறுவயதில் பீடி சுற்றிப் பிழைத்து, சட்டம் படித்து, 2007-இல் அமெரிக்கா சென்ற சுரேந்திரன் பட்டேல் என்பவர், டெக்சாசின் ஃபோர்ட் பெண்ட் கௌண்டியில் சனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று வென்று, 2023 சனவரியில் மாவட்ட நீதிபதியாகப் பதவி ஏற்றார். அவர் பேசும் ஆங்கிலத்தின் தொனியைக் கேட்டு ஏளனம் செய்தவர்களும் உண்டு. பெரியவர்கள் அறைக்குள் கூடி நியமிக்கும் முறையாக இருந்திருந்தால், பீடி சுற்றிய கைக்கு அந்த இருக்கை கிடைத்திருக்குமா என்று கேட்டால், ஆம் என்று உறுதியாகச் சொல்ல நம்மால் இயலவில்லை. தேர்தல், மூடிய கதவைச் சில வேளைகளில் திறக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவர்கள் அதை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

கட்சியைச் சட்டத்தால் விலக்கிவிட்டுத் தேர்தலை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? மெக்சிகோ நாடு அண்மையில் அதைச் செய்தது. 2025 சூன் முதல் நாள், உச்ச நீதிமன்றம் வரை நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தனர். வேட்பாளருக்காகக் கட்சிகள் வேலை செய்யக்கூடாது என்று விதி. நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர்தாம் வாக்களிக்க வந்தார்கள். அதற்கு முன்பே, யார் யாருக்கு வாக்களிப்பது என்று எண்கள் அச்சிட்ட மடிப்புத் தாள்கள் கைக்குக் கை போயின. அதற்கு அவர்கள் ‘அக்கார்டியன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆலயங்களில் பாட்டுக்கு வாசிக்கும் ஆர்மோனியத்தின் உறவுக்காரக் கருவி அது. பெயர் நகைப்பைத் தரலாம், காரியம் நகைப்புக்குரியதன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசியலமைப்பு நீதிபதியை வாக்குப்பெட்டிக்கு அனுப்பவில்லை. நீதித்துறையை ஆட்சித்துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவில் அறிவுறுத்தியது. ஆனால் கிராமத்து நீதி என்பது வேறு வரலாறு. சென்னை மாகாணத்தில் தாமசு மன்றோவின் முயற்சியால் 1816-இல் கிராமத் தலைவருக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தரப்பட்டது. அதே ஆண்டில் கிராமப் பஞ்சாயத்துக்கும் சட்டம் வந்தது. மன்றோ எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் பஞ்சாயத்தை நாடவில்லை. முன்சீப்பு நிலைத்தார். தந்தைக்குப்பின் மகன் என்று வந்த அந்தக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தால் ஒழித்தது. ‘முன்சீப்பு வீடு’ என்ற பெயர் மட்டும் இன்னும் பல ஊர்களில் வழங்குகிறது. பரம்பரை போனதில் நமக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் மக்களுக்கு அருகில் வந்து அமர்பவர் யார் என்பதே வினா.

பீகார் மாநிலம் இதற்கு ஒரு விடை தந்துள்ளது. 2006-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் ‘கிராமக் கச்சேரி’ என்ற வழக்குமன்றம் உண்டு. அதன் தலைவரான சர்பஞ்சையும் உறுப்பினரான பஞ்சுகளையும் மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்கின்றனர். நிருவாகத் தலைவருக்கு நடக்கும் தேர்தல் இதனின்று வேறு. பாதி இடங்கள் பெண்களுக்கு. 10,000 ரூபாய்க்கு உட்பட்ட உரிமை வழக்குகளைக் கேட்கலாம். சிறு குற்றங்களுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சிறைக்கு அனுப்ப அதிகாரமில்லை. சட்டம் படித்த ஒருவர் ‘நியாய மித்திரர்’ என்ற பெயரில் உடனிருந்து உதவுவார். முதற்கடமை இரு தரப்பையும் இணங்க வைப்பது. கட்சிச் சின்னம் கிடையாது. சாதி, தன் சின்னத்தை யாரும் ஒதுக்கித் தராமலே எடுத்துக்கொள்ளும் என்பதை அம்மாநிலத்தார்க்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழகத்திலும் ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சார்பற்றதுதான். பூட்டுச் சாவி, கைக்கடிகாரம் என்று எந்தச் சின்னம் வந்தாலும், பின்னால் நிற்கும் கரைவேட்டி எது என்பதை வாக்காளர் அறிவர்.

மைய அரசு 2008-இல் இயற்றிய கிராம நியாயாலயச் சட்டம் வேறு திசையில் சென்றது. அதில் நீதிபதி நியமிக்கப்படுவார். ஊர் ஊராகச் சென்று மன்றம் நடத்துவார். எல்லா மாநிலங்களும் அதை ஒரே ஆர்வத்தோடு ஏற்கவில்லை.

நியமனம், தேர்தல் என்ற இரண்டுக்கும் அப்பால் நம் முன்னோர் மூன்றாவது வழி ஒன்றைக் கையாண்டனர். உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். கடந்த மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. அவ்வாறு தேர்ந்தவை ஏரி, தோட்டம் முதலியவற்றின் வாரியங்களே. நீதிபதிகளை அது நேராகத் தேரவில்லை என்பதைப் பெருமை பேசுவோர் நினைவில் கொள்ள வேண்டும். நிலமும் வேதப் படிப்பும் உள்ள அந்தணர் சபை அது என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும். ஊரார் எல்லாருடைய பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை.

வியப்பு என்னவென்றால், அதே குடமும் சிறுவனும் ஐரோப்பாவிலிருந்தும் நம் கரைக்கு வந்தன. போர்த்துக்கல் நாட்டு நகரச் சபைகளில் ஆண்டுதோறும் ‘சாதாரண நீதிபதிகள்’ இருவர் இருப்பார்கள். இவர்கள் அரசன் அனுப்பியவர்கள் அல்லர், ஊராரிலிருந்து வந்தவர்கள். ஊர்ப் பெரியவர்கள் தகுதியானவர் பெயர்களை எழுதி, மெழுகு உருண்டைக்குள் வைத்து, பைக்குள் போட்டுப் பூட்டுவார்கள். குறித்த நாளில் ஏழு வயதுக்கு மேற்படாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பான். அந்த நாட்டுச் சட்டத் தொகுப்பிலேயே இது எழுதப்பட்டுள்ளது. கோவா நகரச் சபையிலும் அவ்வாறே இரு சாதாரண நீதிபதிகள் இருந்தனர். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாகரிகங்கள், நீதிக்கும் நிருவாகத்துக்கும் ஆள் எடுக்கும்போது, பேசத் தெரிந்த பெரியவர்களை நம்பாமல் ஒரு குழந்தையின் கையை நம்பின. பழவேற்காட்டில் போர்த்துக்கேயர் குடியேறியதும், 1613-இல் டச்சுக்காரர் ஜெல்திரியா கோட்டையைக் கட்டியதும் நாம் அறிந்தவை. கொடிகள் மாறின, ஏரிக்குள் பாடுச் சீட்டுக் குலுங்கிக்கொண்டே இருந்தது.

யூதாசின் இடத்துக்கு ஒருவரை எடுக்க வேண்டி வந்தபோது திருத்தூதர்கள் செய்ததும் இவ்விரண்டும் கலந்த ஒன்று. முதலில் தகுதி பார்த்தனர்: தொடக்கமுதல் ஆண்டவரோடு இருந்தவரா? இருவர் தேறினர். பிறகு மன்றாடினர், பிறகு சீட்டுப் போட்டனர். மத்தியாவுக்கு விழுந்தது. யோசேப்பு பர்சபா தோற்றவர் ஆகவில்லை. அவருக்கென்று ஒரு கட்சி உருவாகவும் இல்லை. சீட்டின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. வென்றவர் யாருக்கும் கடன்பட்டவராக மாட்டார்; எதிர்த்து நின்றவரை மறுநாள் பகைவராகப் பார்க்கவும் மாட்டார். நூறு தலைக்கட்டு உள்ள ஊரில், ஐம்பத்தொன்று என் பக்கம், நாற்பத்தொன்பது எதிர்ப்பக்கம் என்று எண்ணிவிட்டு நாற்காலியில் அமர்பவர், அந்த நாற்பத்தொன்பதில் ஒருவனுடைய அறுந்த வலைக்கு எப்படி ஈடு தீர்ப்பார்? அவர் நேர்மையாகவே தீர்த்தாலும், தோற்றவன் அதை நேர்மை என்று நம்புவானா? பெரிய நகரத்தில் வாக்காளர் முகம் நீதிபதிக்குத் தெரியாது. கரையூரில் அவர் ஒவ்வொரு வாக்கையும் பெயர் சொல்லி அறிவார்.

கூட்டம் கூடி நடுவரைத் தேர்ந்து நன்மை விளைந்ததும் உண்டு. 374-இல் மிலான் நகரில் ஆயர் தேர்தலின்போது இரு அணியினர் கைகலக்கும் நிலையில் நின்றனர். அமைதி காக்க வந்த ஆளுநர் அம்புரோசு ஆலயத்தில் பேசியபோது, அவரே ஆயராகட்டும் என்று குரல் எழுந்தது. அவர் வாக்குக் கேட்டு வரவில்லை. இரு அணியிலும் சேராதவர் என்பதாலேயே இரு அணியும் அவரை ஏற்றன. தப்பிக்கவும் முயன்றார். பின்னாளில் அவரால் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீனார், ஹிப்போவில் ஆயரானபின், மக்களுடைய நில வழக்குகளையும் சொத்து வழக்குகளையும் கேட்பதிலேயே காலைப் பொழுதெல்லாம் கழிகிறது என்று அலுத்துக்கொண்டார். இன்றும் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு அந்த அலுப்பு விளங்கும். திருப்பலி முடிந்து திருவுடை கழற்றுமுன் வலைச் சண்டை வாசலில் நிற்கும்.

பாடு முறையைப் போற்றி எழுதும் நாம் அதன் சுவரையும் பார்க்க வேண்டும். ஊரில் பிறந்த, மணமான ஆண்மகனே தலைக்கட்டு. 1980-களில் இறாலுக்கு ஏற்றுமதி விலை கூடியபோது, அதுவரை ஏரியின் ஓரத்தில் கைப்பிடியாகவும் சிறு வலையாலும் பிழைத்த மற்றச் சமூகத்தார், தலித் மக்கள் முதலானோர், எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டனர். மோதல்கள் எழுந்தன. அந்த வழக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு? பாடு உரிமையுள்ள ஊர்களின் பஞ்சாயத்தே கேட்டால், வாதியும் நடுவரும் ஒருவரே. சாதியின் பெயரால் தண்டனை விதிக்கும் கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே கண்டித்துச் சொன்னது. சீட்டு நேர்மையானதுதான், யாருடைய பெயரைச் சீட்டில் எழுதுவது என்பதைச் சீட்டு தீர்மானிப்பதில்லை. அந்தப் பட்டியலை எழுதும் கை மனிதருடையது. கட்சிக்காரர் இந்த இடத்தில்தான் நுழைகிறார். விலக்கப்பட்டவர்களிடம் அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அவருக்குச் செவி கிடைக்கிறது.

ஆகவே நம் கருத்து இது. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வோரைக் கட்சிப் போட்டியால் தேரவேண்டாம். பரம்பரைக்கும் திரும்ப வேண்டாம். தகுதிகளை ஊர் கூடி, எல்லாச் சமூகத்தாரும் பெண்களும் அமர்ந்து, முன்கூட்டியே வகுக்கட்டும். தகுதி பெற்றோர் பெயரைக் குடத்தில் இட்டு ஆண்டுக்கு ஒருமுறை குழந்தை ஒன்று எடுக்கட்டும். ஊர்களுக்கிடையே எழும் வழக்குகளில் இரு பக்கத்து ஆட்களும் இருக்கட்டும். இணக்கம் பேசுவதற்கு மேல் தண்டம், ஊர்விலக்கு என்று எதுவும் அவர்கள் கையில் வேண்டாம். அதற்குப் பொன்னேரி இருக்கிறது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏரிக்கு ஏற்கெனவே தெரிந்த பழக்கம்தான். பட்டியல் மட்டும் நீள வேண்டும்.

நீள்வது எளிதன்று என்பதையும் அறிவோம். முகத்துவாரம் மணல் மூடி வருகிறது. ஓதம் குறைந்தால் பாட்டு இடங்களும் குறையும். குறைந்துபோன இடத்துக்குப் பங்காளிகளைக் கூட்டச் சொன்னால் யார்தான் முகம் மலர்வார்? ஓரத்துச் சேற்றுநீரில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் துழாவி இறால் பொறுக்குகிறார்கள். வலை கட்டுவோர்க்கும் அவர்களுக்கும் இடையே தகராறு வந்தால், அவர்கள் நீதிமன்றம் போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும். ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்குத் தலைக்கட்டு கிடையாது. வாக்கு மட்டும் உண்டு. தேர்தல் நெருங்கும்போது அதைக் கேட்டு எல்லாக் கட்சியினரும் வந்து போகின்றனர்.